கொடுமணல் கீறல்களும் ஈரோட்டு எழுத்தும்

அன்புள்ள ஐயா,

சொல்லுக்கும் குறிக்கும் பொருள் வருவது ஊர் ஒத்துக்கொள்வதால்தான் என்று எழுதியிருந்தீர்கள். 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்கிறாரே தொல்காப்பியர்? பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே ஆகிறது? வெறும் ஒப்பந்தம் என்றால் நாளைக்கே ஆளாளுக்கு மாற்றிக்கொள்ளலாமே?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாச் சொல்லும் பொருள் குறிக்கும் என்கிறதே தவிர, எதனால் குறிக்கிறது என்று அந்த நூற்பா பேசவில்லை. அதே சொல்லதிகாரத்தில், உரியியலில், 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றும் சொல்லியிருக்கிறார்; ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது வெளிப்படையாகத் தெரியாது என்பது இதன் கருத்து. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழ்பிராமியில், அதாவது தமிழின் பழைய எழுத்தில், பொறித்த பெயர்கள் இருக்கின்றன; வெறும் கீறல் குறிகளும் இருக்கின்றன. 'ஆதன்' என்று படித்துவிடுகிறோம். கீறல்கள் என்ன சொல்கின்றன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடு அழியவில்லை, ஓடு உடைந்தாலும் குறி தெளிவாகவே தெரிகிறது. அதைப் புரிந்துகொண்ட மக்கள்தான் இல்லை. பொருள் குறிக்குள்ளேயே இருந்தால் இன்றைக்கும் நம்மோடு பேசியிருக்கவேண்டாமா?

தமிழ்பிராமியும் நெடுங்காலம் படிப்பாரற்றுத்தான் கிடந்தது. அசோகர் கல்வெட்டுகளின் பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் படித்தார். நம் குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவினார். எழுத்தை மறந்திருந்தோம், ஆனால் மொழி நம் வாயில் இருந்தது. அந்த ஒரு பிடி இருந்ததால் மீட்க முடிந்தது. கீறல்களுக்கு அதுவும் இல்லை.

'வெறும் ஒப்பந்தம்' என்கிறீர்கள். அந்த 'வெறும்' எனக்கு உடன்பாடில்லை. யாரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டதல்ல இது. அம்மாவிடம் பேசக் கற்கும்போதே அதற்குள் வந்துவிடுகிறோம். தனியாக ஒருவர் விலகினால் அவர் பேச்சுத்தான் யாருக்கும் புரியாமல் போகும்.

மாறாதா என்றால், மாறும். ஈரோட்டுப் பெரியாரையே பாருங்கள். துதிக்கை தூக்கிய பழைய லை, ளை, னை வடிவங்களை விட்டு, இன்று நாம் எழுதும் வடிவங்களைத் தம் 'குடி அரசு' இதழில் 1935இல் கொண்டுவந்தார். அவருடைய வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அரசாணை வந்தது 1978இல். பெரியாருக்கே, சொந்தப் பத்திரிகையும் அத்தனை தொண்டர்களும் இருந்தும், 43 ஆண்டு. ஆணை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.