டெல்லிக்கு டிக்கெட் எடுக்குமுன் கிழமையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நான், கணவர், 10 வயது மகன், முழங்கால் வலி உள்ள 68 வயது மாமியார் என நால்வர். அரையாண்டு விடுமுறையில் டெல்லியும் ஆக்ராவும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எத்தனை நாள் தேவைப்படும்?
– வாசகி, நங்கநல்லூர்

அரையாண்டு விடுமுறை வேண்டாம். டிசம்பர் கடைசியில் டெல்லி, ஆக்ரா இரண்டையும் மூடுபனி மூடிவிடும். ரயில் பல மணி நேரம் தாமதமாகும்; காலை பத்து மணிக்கும் தாஜ்மஹால் கண்ணில் படாமல் போகலாம். காலாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே மழை ஓய்ந்திருக்கும், தீபாவளியை ஒட்டி வரும் புகைமூட்டமும் தொடங்கியிருக்காது. வெயில் இருக்கும்தான், ஆனால் சென்னைக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

அடுத்து கிழமை. பல குடும்பங்களின் திட்டம் இங்கேதான் சறுக்குகிறது. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மஹாலுக்கும் டெல்லி உயிரியல் பூங்காவுக்கும் வெள்ளி விடுமுறை. சனி, ஞாயிறு திறந்திருந்தாலும் உள்ளூர்க் கூட்டமே தாங்காது. மிச்சம் செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளே உங்களுக்குப் போதும்.

ஞாயிறு இரவு 10 மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் செவ்வாய் காலை புதுடெல்லி. அறையில் பெட்டியை வைத்துவிட்டு, அன்று குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் மட்டும். மாலையில் இந்தியா கேட், பக்கத்திலேயே தேசியப் போர் நினைவுச்சின்னம். புதன் காலை செங்கோட்டை. லாகூர் வாசலிலிருந்து உள் மண்டபங்கள் வரை நடை அதிகம், மாமியாரை வெயில் ஏறுமுன் கூட்டிப்போய்விடுங்கள். எதிரே சாந்தினி சவுக்கில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை, சைக்கிள் ரிக்‌ஷாதான். ஏறுமுன் கூலி பேசிவிடுங்கள். மதியத்துக்கு மேல் சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகம். அதை விட்டுவிட்டால் பையன் மன்னிக்க மாட்டான்.

வியாழன் அறையைக் காலி செய்து, காலை 8.10-க்கு நிஜாமுதீனில் கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்தால் 9.50-க்கு ஆக்ரா கண்டோன்மென்ட். தாஜ், ஆக்ரா கோட்டை பார்த்துவிட்டு டெல்லிக்குத் திரும்ப வேண்டாம். சென்னை வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நள்ளிரவை ஒட்டி அதே ஆக்ரா வழியாகத்தான் வருகிறது. ஆக்ராவிலிருந்து டிக்கெட் எடுத்தால் ஒதுக்கீடு குறைவு, காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொள்வீர்கள். புதுடெல்லி – சென்னை டிக்கெட் எடுத்து, போர்டிங் பாயிண்டை மட்டும் ஆக்ரா கண்டோன்மென்ட் என்று போடுங்கள். போட்டபின் மனம் மாறி டெல்லியில் ஏற முடியாது. பெட்டிகளை ரயில் நிலைய கிளோக் ரூமில் வைக்கலாம். பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். சனிக்கிழமை காலை சென்னை.

தாஜில் நுழைவுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு ஏற மேலும் 200. மாமியாரால் படி ஏற முடியாது என்றால் அந்த 200 வேண்டாம். தோட்டத்திலிருந்தே நன்றாகத் தெரியும். 15 வயதுக்குட்பட்ட பையனுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான். பெட்ரோல், டீசல் வண்டிகள் தொலைவிலேயே நின்றுவிடும், வாசல் வரை பேட்டரி வண்டி உண்டு. தின்பண்டம், பெரிய பை உள்ளே விடமாட்டார்கள்.

டிக்கெட் எடுக்கப்போனால் எப்போதும் வெயிட்டிங் லிஸ்ட். வயதானவர்களுக்குக் கீழ் பெர்த்தும் கிடைப்பதில்லை. என்ன வழி?
– வாசகர், பெரம்பூர்

முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். பயண நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செப்டம்பர் 27 புறப்பாடு என்றால் ஜூலை 29. திரும்பும் ரயில் அக்டோபர் 1 என்றால் அதற்கு ஆகஸ்ட் 2. இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் திறந்தவுடன் பதிய முடியாது, தட்கலும் எடுக்க முடியாது.

கீழ் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான். பேரன், மகன், மருமகள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டால் அந்த ஒதுக்கீடே பொருந்தாது. பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். வேறு பெட்டியில் இடம் விழலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குடியரசு தின அணிவகுப்பை நேரில் பார்க்க ஆசை. தோழிகளோடு விமானத்தில் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவி, அடையாறு

அணிவகுப்பு டிக்கெட்டை பாதுகாப்பு அமைச்சகம் ஜனவரியில் இணையத்தில் விற்கும். விலை 20, 100 ரூபாய் என்ற அளவில்தான். பதிவு செய்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். கிடைக்காவிட்டால் 23-ஆம் தேதி முழு ஒத்திகை இருக்கிறது. 29-ஆம் தேதி விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

விமானத்தைப் பிற்பகலில் இறங்குமாறு பாருங்கள். பனி இரவு பிற்பகுதியிலிருந்து முற்பகல் வரை அடர்ந்திருக்கும். போதாததற்கு, 26-க்கு முந்தைய வாரம் முழுக்க முற்பகலில் சில மணி நேரம் வான்வெளியை மூடுவார்கள். செங்கோட்டையையும் அந்த நாட்களில் நம்ப வேண்டாம்.

உடை: சென்னையில் மார்கழிக்குப் போடும் ஸ்வெட்டர் அங்கே உதவாது. உடம்போடு ஒட்டும் தெர்மல், மேலே கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், கம்பளிக் காலுறை. ஜாக்கெட்டை சரோஜினி நகரில் மலிவாக வாங்கலாம். அங்கும் திங்கள் விடுமுறை!

மெட்ரோவுக்கு டெல்லியில் தனி அட்டை வாங்க வேண்டுமா?
– வாசகர், திருமங்கலம்

வேண்டாம். உங்கள் சிங்கார சென்னை அட்டையே அங்கும் செல்லும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை இருவர் தேய்க்க முடியாது. புதுடெல்லி ரயில் நிலையத்தில் அஜ்மீரி கேட் பக்கம் இறங்குங்கள், மெட்ரோ அங்கேதான். பஹார்கஞ்ச் பக்கம் வந்துவிட்டால் பெட்டியோடு பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ரயிலில் வாங்கிச் சாப்பிட மாட்டேன். என்ன கட்டிக்கொண்டு போகலாம்?
– வாசகி, வில்லிவாக்கம்

ஞாயிறு இரவு டெல்லி ரயில் ஏறினால், திங்கள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. தயிர்சாதம் வேண்டுமென்றால் சாதத்தில் பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து எடுத்துப்போங்கள், மதியத்துக்குள் சரியாக உறைந்திருக்கும். இரவுக்கு சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். டெல்லியில் நம் சாப்பாட்டுக்கு ஜன்பத், கரோல் பாக் பக்கம் போங்கள்.