‘லோன் அதுபாட்டுக்கு ஓடட்டும்!’ – வீட்டுக் கடனும் வீட்டுக்காரரும்

இந்த முறை வந்த கேள்விகளில் வட்டி விகிதம் பற்றியவை குறைவு. கணவரையோ மனைவியையோ உட்காரவைத்துக் கணக்குப் பேசுவது எப்படி என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்தப் பகுதியை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

திருச்சி வாசகி: வீட்டுக் கடன் 30 லட்சம், 8.5 சதவிகித வட்டி, 20 வருடம். கட்டத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. ‘செலவை எழுதுவோம், மிச்சம் பிடித்துக் கூடுதலாகக் கட்டுவோம்’ என்றால், ‘வாடகை கொடுக்கிற மாதிரி நினைச்சுக்கோ, லோன் அதுபாட்டுக்கு ஓடட்டும்’ என்கிறார் கணவர். நோட்டை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

அப்படியென்றால் நோட்டை எடுக்காதீர்கள். செலவுக் கணக்கில் தொடங்கினால் யாருக்கும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டில் நோட்டுப் போட்டவன் நான். முதல் மாதம் மனைவி வாங்கிய புடவையைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். அடுத்த மாதம் அதே பக்கத்தில், நான் ஆபீஸ் வாசலில் குடித்த டீ, வடை எல்லாம் தேதிவாரியாகச் சிவப்பு மையில் இருந்தன. நோட்டு அதோடு பரணுக்குப் போய்விட்டது.

நீங்கள் எடுக்க வேண்டியது கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட். வங்கியின் ஆப்பிலேயே கிடைக்கும். இல்லையென்றால் கிளையில் கேட்டால் தருவார்கள். உங்கள் மாதத் தவணை 26,035 ரூபாய் இருக்கும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 21,250. அசலுக்குப் போனது 4,785. ஒரு வருடத்தில் 3,12,420 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அதில் அசல் குறைந்தது 60,000கூட இல்லை. அந்த இரண்டு எண்களையும் பென்சிலால் வட்டமிட்டு அவர் கையில் கொடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். வாடகை மாதிரி நினைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் வாடகை வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனால் ஓனர் பார்த்துக்கொள்வார் என்று வேண்டுமானால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

எப்போது கொடுப்பது என்பது முக்கியம். மாதக் கடைசியில் வேண்டாம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வேண்டாம், அவருடைய அம்மாவோ உங்கள் அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக, அதுவும் போனஸ் வரும்போது. இதைத் தொடர்ந்து செய்தாலே 20 வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். வட்டியில் சுமார் 6 லட்சம் மிச்சம். அவருக்கு ருசி தட்டியபிறகு அடுத்ததைச் சொல்லலாம்: சம்பளம் உயர உயர, தவணையையும் வருடத்துக்கு 5 சதவிகிதம் கூட்டிக்கொண்டே போனால் அதே கடன் 12 வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். இதை முதல் நாளே சொன்னால் மறுபடி எழுந்து போய்விடுவார்.

கூடுதலாகக் கட்டும்போது ‘தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. அப்புறம், ஆளுக்கொரு தொகை கைச்செலவுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அதற்கு அவரும் கணக்குக் கேட்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. 2,000 ரூபாயாக இருந்தாலும் சரி. பட்ஜெட் என்றாலே ஓடுகிறவர்களில் பலர் இந்த ஒன்றுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

கோவை வாசகர்: என் விஷயம் தலைகீழ். கையில் இருக்கும் 5 லட்சத்தையும் கடனில் கட்டிவிடலாம் என்கிறேன். மனைவி விடமாட்டேன் என்கிறார். சீட்டுப் போடுகிறார், தங்கம் வாங்குகிறார். ‘கையில காசு இருக்கணும்’ என்பதே பதில். எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க வேண்டியது உங்களுக்குத்தான் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாதாரண வீட்டுக் கடனில் கட்டிய பணம் போனது போனதுதான். நாளை வேலை போய்விட்டது, அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் வங்கியில் போய், ‘போன மாசம் கூடுதலாகக் கட்டினேனே, அதைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. கடைசியில் பர்சனல் லோன் வாங்குவீர்கள், இதைவிட அதிக வட்டிக்கு.

ஆகவே ஆறு மாதச் செலவு, அதோடு ஆறு மாதத் தவணை, இவ்வளவையும் அவர் பெயரிலேயே டெபாசிட்டில் போடுங்கள். இரண்டு பேர் பெயரில்கூட வேண்டாம். சாவி அவர் கையில் இருக்கட்டும். அதன் பிறகு மிச்சம் இருப்பதைக் கடனில் கட்டலாம் என்று கேட்டுப்பாருங்கள், குரலே மாறியிருக்கும். சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டுவைத்தால் அந்த அளவுக்கு வட்டி விழாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், விசாரியுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் இதுதான் ராசியான இடம்.

சீட்டு, பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தில் என்றால் இருக்கட்டும். தெரிந்தவர் நடத்துகிறார் என்றால் முடிந்ததும் அடுத்ததில் சேர வேண்டாம் என்று நானும் சொல்வேன். நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது, அதனால் முதலீட்டுக்கு நகை வேண்டாம் என்பதையும் சொல்லலாம். ஆனால் அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அவருடைய சொத்து, சட்டப்படியும் அப்படித்தான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு உங்கள் பட்ஜெட் எதையும் அவர் நம்ப மாட்டார்.

சென்னை வாசகி: 2021-ல் கடன் வாங்கினோம். நாலு வருடம் ஒழுங்காகக் கட்டியும், மிச்சமிருக்கும் காலம் வாங்கியபோது இருந்ததைவிட அதிகம் என்று ஆப் காட்டுகிறது. ‘கட்டிக் கட்டி என்ன குறைஞ்சுது?’ என்று கணவர் வெறுத்துவிட்டார்.

அவருடைய வெறுப்பு நியாயமானது. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

நடந்தது இதுதான். 2022 ஏப்ரல் வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது மற்ற வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவிகிதம். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆகிவிட்டது. வட்டி ஏறியபோது பெரும்பாலான வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. ஒரு கணக்குப் பாருங்கள். 30 லட்சம், 20 வருடம், 7 சதவிகிதம் என்றால் தவணை 23,259. ஒரு வருடம் கட்டியபின் பாக்கி 29 லட்சத்து 28 ஆயிரம் சொச்சம். அந்தப் பாக்கிக்கு 9.5 சதவிகித வட்டி என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 23,185. 23,259 கட்டினால் அசலில் குறைவது 74 ரூபாய்! ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இல்லை. இதைப் பார்த்து யாருக்குத்தான் வெறுக்காது?

2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு வழி செய்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரிடம் வங்கி கேட்க வேண்டும். 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி வருடக் கடைசியில் 5.25-க்கு வந்தது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்றால் வட்டி இறங்கியிருக்க வேண்டும். எம்.சி.எல்.ஆர். போல, வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டியை முடிவு செய்யும் பழைய முறையில் இருந்தால் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு கட்டணம் கட்டி ரெப்போ முறைக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இந்த வேலையைக் கணவரிடமே கொடுத்துவிடுங்கள். வங்கிக்குப் போய், ‘என் வட்டி ஏன் இறங்கவில்லை’ என்று சண்டை போட்டுக் கால் சதவிகிதம் குறைத்துக்கொண்டு வருகிற மனிதர், அதற்கப்புறம் அந்தக் கடனைத் தன்னுடையதாகப் பார்ப்பார். என் அனுபவத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது.

சேலம் வாசகி: கடனை அடைத்தால் வருமான வரிச் சலுகை போய்விடும் என்கிறார் கணவர்.

அவர் எந்த முறையில் வரி கட்டுகிறார் என்று கேளுங்கள். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டிக்குச் சலுகையே கிடையாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. சரி, உண்டு என்றே வைத்துக்கொள்வோம். 30 சதவிகித வரம்பில் இருப்பவருக்கு 100 ரூபாய் வட்டி கட்டினால் சுமார் 31 ரூபாய் மிச்சம். மீதி 69 ரூபாய் வங்கிக்கு.

விருதுநகர் வாசகர்: பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று மனைவி வற்புறுத்துகிறார்.

வேண்டாம். 2024-25-க்குப் பி.எஃப். வட்டி 8.25 சதவிகிதம். உங்கள் கடன் வட்டியும் ஏறக்குறைய அதே அளவு என்றால் எடுப்பதில் லாபமில்லை, ஓய்வுக்காலம்தான் காலியாகும். கடன் பாரம் அவரை உறுத்துகிறது என்றால் வேறு ஒரு சிறு தொகையைக் கட்டிக் காட்டுங்கள். திருச்சி வாசகியின் 30 லட்சக் கடனில் மூன்றாம் வருட முடிவில் 1 லட்சம் கட்டினால் 15 தவணைகள் குறையும்.

மதுரை வாசகி: மாதாமாதம் பட்ஜெட் போடுகிறோம். மொய், செய்முறை என்று வந்தால் எல்லாம் காலி. ‘சொந்தபந்தம் வேணாமா?’ என்கிறார். அவர் பெற்றோருக்கு அனுப்பும் 6,000 ரூபாயும் எனக்கு உறுத்துகிறது.

அந்த 6,000 ரூபாயைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள். வெட்டுவதற்கில்லை, இது பேச்சுக்கு அப்பாற்பட்டது என்று காட்டுவதற்கு. அதன் பிறகு அவர் மற்ற வரிகளைப் பற்றிப் பேச உட்காருவார்.

மொய் மாதச் செலவில்லை, வருடச் செலவு. உங்கள் ஊரில் மொய் நோட்டு இல்லாத வீடு ஏது? போன வருட நோட்டை எடுத்துக் கூட்டுங்கள், பன்னிரண்டால் வகுங்கள், அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகைகள் குவியும்போது அதிலிருந்து எடுங்கள். கணக்கில் இல்லையென்றால் நேரில் போய்ச் சாப்பிட்டு, ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வர வேண்டியதுதான்.

பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி: பட்ஜெட் என்றாலே கோபப்படுவார். இப்போதுதான் தெரிந்தது, இரண்டு கிரெடிட் கார்டிலும் ஒரு கடன் ஆப்பிலும் சேர்த்து 4 லட்சம் பாக்கி. வீட்டுக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் கோபம் வெட்கத்தின் இன்னொரு முகம், அம்மா. முதல் நாள் ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள், ‘ஏன்?’ என்பதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் 4 லட்சத்தில் ஒன்றை மறைத்துவிடுவார்.

வீட்டுக் கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவதாக இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். வழக்கமான தவணை மட்டும் தவறக் கூடாது. தவறினால் கூட்டுக் கடன்தாரரான உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்தே விழும். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவிகிதத்துக்கு மேல்கூட வட்டி போகும், வருடத்துக்கு 40-ஐத் தாண்டும். முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான். நகைக் கடன் வாங்கியாவது அடையுங்கள், வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே இருக்கும். கோவைக்காரரிடம் நகையைத் தொடாதே என்றேனே என்பீர்கள். முடிவெடுப்பது நீங்கள் என்பதுதான் வித்தியாசம். பாக்கி தீர்ந்ததும் கார்டை மூடுவது என்று முடிவாகாமல், மொத்தப் பாக்கி எவ்வளவு என்பதும் தெளிவாகாமல் நகையைக் கொடுக்காதீர்கள். சூதாட்டமோ குடியோ காரணம் என்றால் பட்ஜெட்டால் ஆகாது, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: உங்கள் யோசனையைக் கேட்டு மனைவி மாறிவிட்டார். இப்போது குழந்தை ஐஸ்கிரீம் கேட்டால்கூட ‘அசல்ல எவ்ளோ குறையும் தெரியுமா?’ என்கிறார். இன்னும் 40,000-தான் பாக்கி. அடுத்து என்ன?

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், பாவம்.

கடன் முழுதும் கட்டியபின் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கொடுக்கும்போது, அடமானம் வைத்தபோது எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாக, தாய்ப்பத்திரம் உட்பட, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப்போகும்போது அலைகிறார்கள். பதிவானபின் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ரத்து அதில் ஏறியிருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காகிதத்தை முதலில் அவர் பார்க்கட்டும்.