புகழ்ந்தால் ஏன் கோபம்? ஹூஸ்டன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சக ஊழியர் வீட்டில் ஞாயிறு ஆட்டம் பார்க்கப் போன இடத்தில், அமெரிக்கக் கால்பந்தில் டெக்சன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடைப் பார்த்து, "இவருக்கென்ன, பிறவியிலேயே வந்த உடல்வாகு, தானாக ஆடுகிறது" என்று மெச்சினீர்கள். வீட்டுக்காரரான கறுப்பினப் பெரியவர் அதோடு உங்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். புகழ்ந்ததற்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா என்பது உங்கள் கேள்வி.

கோபித்துக்கொள்வார்கள். நானும் வந்த புதிதில் இதே ஊரில் இதே தவறைச் செய்தவன்தான்.

முதலில் ஆட்டம் பற்றி ஒரு விஷயம். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிபவர் மட்டுமல்ல. கோச் சொல்லும் திட்டம் அவருடைய தலைக்கவசத்துக்குள் வானொலி வழியாக வருகிறது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். பிறகு அவர் தனியாள். எதிரே நிற்கும் பதினொரு பேரின் நிலையைப் பார்த்து, அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கணித்து, தேவையென்றால் திட்டத்தையே மாற்றி, பத்துப் பேருக்கு உத்தரவு போட வேண்டும். நம் கிரிக்கெட் கேப்டன் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக வியூகம் வகுப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அது மூளைக்கும் தலைமைக்குமான இடம். அந்த இடத்துக்குக் கறுப்பர்கள் லாயக்கில்லை என்றுதான் என்.எஃப்.எல். என்ற இந்த லீக் பல பத்தாண்டுகள் நடந்துகொண்டது. "கால் வேகமாக இருக்கிறது, ரிசீவராகப் போ" என்பார்கள், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவராக. டென்வர் அணிக்காக 1968-ல் மார்லின் பிரிஸ்கோ என்ற புதுமுகம் 14 டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பந்துகள், எறிந்தார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு அவரைப் பரிசீலிக்கவே இல்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவரானார்.

நம் ஹூஸ்டன் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது இங்கே ஆயிலர்ஸ் என்ற அணி இருந்தது, வாரன் மூன் அதன் குவார்ட்டர்பேக். கல்லூரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று பெயர் வாங்கியும், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1978 டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்ற பிறகுதான், 1984-ல், ஹூஸ்டன் அவரைக் கூப்பிட்டது. கடல் கடந்து வந்த நமக்கு, சொந்த நாட்டிலேயே வேலை கிடைக்காமல் எல்லை தாண்டிப் போன ஒருவனின் கதை புரியாமல் போகாது.

1993 ஜனவரி 3-ஆம் தேதி, பஃபலோவில் ஆட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கறுப்பினத் தபால்காரர், என்னைக் கூப்பிட்டிருந்தார். மூன்றாவது கால் பகுதியின் தொடக்கத்தில் ஆயிலர்ஸ் 35-3 என்று முன்னிலை. எனக்கு விதிகள் பாதி புரியவில்லை, ஆனாலும் "என்ன உடம்பு, என்ன கை!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாம் தலைகீழ். பஃபலோ விடாமல் துரத்தி முந்தியது, ஆயிலர்ஸ் சமன் செய்தும் கூடுதல் நேரத்தில் 41-38 என்று பஃபலோ வென்றுவிட்டது. மூன் எறிந்த கடைசிப் பந்தை எதிரணி பிடித்துவிட்டது. பெரியவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கையிலிருந்த கடலைத் தொலியைத் தட்டில் போட்டபடி மெதுவாகச் சொன்னார்: "ஜெயித்திருந்தால் கை. தோற்றுவிட்டான், நாளையிலிருந்து மூளை." அன்று மூன் எறிந்த 50 பந்துகளில் 36-ஐத் தன் ஆட்களிடம் சேர்த்திருந்தார், நான்கு டச்டவுன். கோட்டை விட்டது தடுப்பாட்டக்காரர்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச்சு என்னவாக இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நீங்கள் பாராட்டிய ஸ்ட்ரவுடையே எடுத்துக்கொள்வோம். 2023 டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு, ஓர் அறிவாற்றல் தேர்வில் அவர் வாங்கியது வெறும் 18 சதவீதம் என்று ஒரு தகவல் கசிந்து ஊரெல்லாம் பரவியது. இவனால் ஆட்டத்தைப் படிக்க முடியுமா என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ஹூஸ்டன் இரண்டாவது ஆளாக அவரை எடுத்தது. அந்த நவம்பரில் டாம்பா பே அணிக்கு எதிராக 46 விநாடியே மிச்சமிருக்க, நான்கு புள்ளி பின்தங்கிய நிலையில், 75 கெஜம் அணியை நகர்த்தி வென்றார். அன்று மொத்தம் 470 கெஜம், புதுமுகங்களில் சாதனை. அந்த 46 விநாடியில் ஓடியது உடம்பா, மூளையா? யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

லாமார் ஜாக்சன் கதையும் அப்படித்தான். 2018-ல் லீக்கின் முன்னாள் பெரிய நிர்வாகி ஒருவர் அவர் ரிசீவராக மாற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாகத்தான் அவரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 2023-ல் இரு பக்கமும், மஹோம்ஸும் ஹர்ட்ஸும், கறுப்பின குவார்ட்டர்பேக்குகள்தான். ஆனால் தலையில் அடிபட்ட பழைய வீரர்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில், கறுப்பர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்து மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிடுவதாக இந்த லீக் அறிவித்தது 2021-ல்தான். ஆம், 2021. உங்கள் பெரியவர் இதையெல்லாம் செய்தித்தாளில் படித்தவர். நீங்கள் "உடல்வாகு" என்றதும் அவர் காதில் என்ன விழுந்திருக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்கள் வீட்டு விருந்துகளில் கறுப்பர்களைப் பற்றிப் புழங்கும் பேச்சு எனக்குத் தெரியும். அதே ஆட்கள்தான், "கடுமையாக உழைக்கிறீர்கள், கணக்கில் புலி" என்று மேலாளர் தட்டிக்கொடுத்துவிட்டு, குழுத் தலைவர் பதவியை வேறொருவருக்குத் தரும்போது வீட்டுக்கு வந்து புலம்புகிறார்கள். எனக்கே ஒன்பது ஆண்டுகள் அப்படிப் போயின. அப்போதுதான் தபால்காரர் திரும்பிப் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நீண்ட மன்னிப்புக் கடிதம் எதுவும் வேண்டாம், அது அவருக்கும் தர்மசங்கடம். திரும்பக் கூப்பிட்டால் கண்டிப்பாகப் போங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு டப்பா மிளகு முறுக்கு எடுத்துச் செல்லுங்கள், ஆட்டத்தின்போது நன்றாகவே செல்லும். ஸ்ட்ரவுட் கோட்டருகே வந்து கையைக் காட்டி ஆட்களை இடம் மாற்றுவார் பாருங்கள், அந்த நேரத்தில் பெரியவரிடம், "இப்போது எதைப் பார்த்து மாற்றினார்?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் நீங்கள் பேச வேண்டியிருக்காது.