நன்கொடை நோட்டுடன் ஒரு பத்திரிகைச் சீமாட்டி

போன இதழில் ஆஸ்கர் விழா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அந்த விழா பல வருடம் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் டோரதி சாண்ட்லர் அரங்கம், ஒரு பத்திரிகைக் குடும்பத்து அம்மாள் ஊரெல்லாம் வசூல் செய்து எழுப்பியது என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை.

கேள்வி (மன்னார்குடி வாசகி): யார் சார் அந்த அம்மாள்? பத்திரிகை முதலாளி வீட்டுப் பெண் எதற்கு வசூலுக்குப் போகவேண்டும், சொந்தப் பணத்தில் கட்டியிருக்கலாமே?

பதில்: கட்டியிருந்தால் இத்தனை வருடம் கழித்து நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை சாண்ட்லர் குடும்பத்துடையது. அந்த வீட்டுக்கு 1922இல் மருமகளாகப் போனவர் டோரதி பஃபம். பிறந்த வீடு லாங் பீச்சில் பெரிய துணிக்கடை, அதாவது பல பிரிவுகள் கொண்ட டிபார்ட்மென்ட் ஸ்டோர், வைத்திருந்த குடும்பம். வசதிக்குக் குறைவில்லை என்றாலும் புகுந்த வீட்டாருக்கு அவர் கடைக்காரர் மகள்தான். அந்த இளக்காரமும் வேறு பலதும் சேர்ந்து 1932இல் பசடீனாவில் ஒரு மனநல மருத்துவமனையில் சில மாதங்கள் தங்கிச் சிகிச்சை எடுக்கும் அளவுக்குப் போனது. பிற்பாடு அதை அவர் மறைக்கவும் இல்லை.

பொது வேலையில் அவர் பெயர் எடுத்தது 1951 கோடையில். ஹாலிவுட் பௌல் என்ற திறந்தவெளி இசையரங்கம் கச்சேரிப் பருவத்தின் நடுவிலேயே பணமில்லாமல் மூடிவிட்டது. இவர் ஒரு அவசரக் குழுவுக்குத் தலைமை ஏற்று, கலைஞர்கள் பலரைச் சம்பளம் வாங்காமல் வாசிக்க வைத்து, அதே பருவத்திலேயே திறக்கச் செய்தார். அங்கேதான் அவருக்குத் தன் கைராசி புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து நகரத்துக்கு ஒரு நிரந்தர இசை அரங்கம். இதற்காகக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 1950களின் முற்பகுதியில் மூன்று தடவை மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள், மூன்று தடவையும் வேண்டாம் என்று விட்டார்கள். சரி, ஓட்டு இல்லையென்றால் நோட்டு என்று இறங்கிவிட்டார் டோரதி. 1955இல் அம்பாசடர் ஹோட்டலில் ஒரு விருந்து, அதில் காடிலாக் எல்டொராடோ கார் ஒன்றை ஏலம் விட்டார்கள். அந்த ஒரே இரவில் சுமார் 4 லட்சம் டாலர். அப்புறம் வருடக்கணக்கில் கோயில் திருப்பணிக்கு நன்கொடைப் புத்தகம் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி ஒவ்வொரு பெரிய வீடாக ஏறி இறங்கினார். சில்லறையையும் விடவில்லை, ஆளுக்கு ஒரு டாலர் போடுங்கள் என்று பொதுமக்களிடம் சுற்றிவந்த பைகளை வடிவமைத்துக் கொடுத்தவர் வால்ட் டிஸ்னி. இந்த அரங்கமும் பக்கத்து இரண்டு நாடக அரங்கங்களும் சேர்த்து மொத்தச் செலவு 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். அதில் கிட்டத்தட்ட 2 கோடி இப்படித் திரட்டியது.

கேள்வி (கோவை வாசகர்): கையில் பத்திரிகை இருந்தால் யார்தான் கொடுக்கமாட்டேன் என்பார்கள்? இதைத் தர்மம் என்பதா, மிரட்டல் வசூல் என்பதா?

பதில்: கேள்வி நியாயமானது. டைம்ஸ் அந்தக் காலத்தில் வெறும் செய்தித்தாள் இல்லை. யார் மேயர், எந்த நிலம் யாருக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்பதிலெல்லாம் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. அந்த வீட்டு அம்மாள் எதிரே உட்கார்ந்து எவ்வளவு எழுதட்டும் என்று கேட்டால் வங்கிக்காரருக்கு வாய் வறண்டுதான் போயிருக்கும். அதனால் நான் அவரை வள்ளல் என்று சொல்ல மாட்டேன், வசூல் ராணி என்பேன். இது பாராட்டுதான்.

ஏனென்றால் அந்தச் செல்வாக்கை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரு காரியம் வேறு யாரும் செய்யத் துணியாதது. லாஸ் ஏஞ்சலிஸின் பணம் அப்போது இரண்டு முகாம். பசடீனா, ஹான்காக் பார்க் பக்கத்துப் பழைய புராட்டஸ்டன்ட் பணக்காரர்கள் ஒருபுறம். மேற்குப் பக்கத்தில் சினிமாவிலும் சேமிப்பு வங்கிகளிலும் சம்பாதித்த யூதர்கள் மறுபுறம். முதல் கூட்டத்தின் கிளப்புகளில் இரண்டாவது கூட்டத்துக்கு உறுப்பினர் இடமே கிடையாது. டோரதி மேற்கே போய்க் கேட்டார். பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்த மார்க் டேப்பர் பெயரில் இன்று ஒரு நாடக அரங்கம் நிற்கிறது, பக்கத்திலேயே யூதரல்லாத சேமிப்பு வங்கி முதலாளி ஹவர்ட் அமன்சன் பெயரில் இன்னொன்று. கௌரவமும் கணக்கும் கலந்த வேலைதான், ஆனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத மனிதர்களை ஒரே அரங்கத்தின் முன்வரிசையில் உட்கார வைத்தது சாதாரணம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு இடத்தில். மக்கள் மூன்று தடவை வேண்டாம் என்ற பிறகும் மீதிச் செலவு பொதுப் பணத்தில்தான் போனது. ஓட்டெடுப்பு தேவைப்படாதபடி குத்தகை நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்து, அது கடன் பத்திரம் விற்க, கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, நிர்வாகம் வாடகையாக அடைத்தது. இன்னொன்று, அரங்கம் இருக்கும் பங்கர் ஹில் குன்றில் பழைய மர வீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த ஓய்வூதியக் கிழவர்களும் ஏழைகளும் ஆயிரக்கணக்கில். மறுசீரமைப்பு என்ற பெயரில் அவர்களைக் காலி செய்தபோது பத்திரிகை அந்தத் திட்டத்தின் பக்கம் நின்றது. திறப்பு விழா ஜொலிப்பில் இதைப் பேச ஆளில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தாவை அமெரிக்காவில் உட்கார வைத்ததே இவர்தானாமே?

பதில்: முழுக்க இவர் மட்டும் என்று சொல்ல முடியாது, மேத்தாவின் திறமை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கதை சுவையானது. லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு ஜார்ஜ் ஷோல்டியை இசை இயக்குநராக ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அவர் பொறுப்பேற்கும் முன்பே, உடம்பு சரியில்லாத ஒரு பெரியவருக்குப் பதிலாக வந்து பிய்த்து உதறிவிட்டுப் போன மும்பைப் பையன் மேத்தாவை, ஷோல்டியை ஒரு வார்த்தை கேட்காமல், துணை நடத்துநராக நியமித்தது டோரதி தலைமையிலான நிர்வாகம். ஷோல்டி கோபித்துக்கொண்டு 1961இல் விலகிவிட்டார். மறு வருடம் 26 வயதில் அந்த நாற்காலி மேத்தாவுக்கு, 1978 வரை அங்கேதான். 1964 டிசம்பர் 6ஆம் தேதி புது அரங்கத்தைத் திறந்தபோது குழுவை நடத்தியவர் மேத்தா, வயலின் யாஷா ஹைஃபெட்ஸ். மரியாதைப்படி பார்த்தால் ஷோல்டிக்கு நடந்தது அநியாயம். அவரும் பிறகு சிகாகோ போய்ப் பெரும்புகழ் பெற்றார் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி (ஈரோடு வாசகி): வீட்டிலும் பத்திரிகையிலும் அவர் பேச்சு எடுபட்டதா?

பதில்: பின்னாளில் நன்றாகவே. 1948இல் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1960இல் கணவர் நார்மன் ஒதுங்கியபோது, அவர் தம்பி பிலிப்புக்குப் போயிருக்கக்கூடிய பத்திரிகை வெளியீட்டாளர் பதவி மகன் ஓட்டிஸுக்குக் கிடைத்ததில் அம்மாவின் கை உண்டு. குடியரசுக் கட்சியின் குரலாக இருந்த அந்தப் பத்திரிகையை ஓட்டிஸ் நாடு மதிக்கிற நாளிதழாக மாற்றினார். என்னைக் கேட்டால் அரங்கத்தைவிட இதுதான் அவர் நகரத்துக்குச் செய்த பெரிய உபகாரம். புகுந்த வீட்டுச் சொந்தங்கள் பலருக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை.

கேள்வி (தாம்பரம் வாசகர்): மகன் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போகிறேன். போய்ப் பார்க்கிற மாதிரி இருக்குமா?

பதில்: தாராளமாக. மெட்ரோவில் சிவிக் சென்டர் நிலையத்தில் இறங்கினால் மேலே கிராண்ட் அவென்யூவில் நிற்கிறது. இசைக்குழு 2003இல் எதிரே, ஃபிராங்க் கேரி கட்டிய டிஸ்னி அரங்கத்துக்குக் குடிபோய்விட்டது. பழைய அரங்கத்தில் இப்போது ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம். டோரதி 1997இல் 96 வயதில் காலமானார், மூன்று வருடம் கழித்துக் குடும்பம் பத்திரிகையையும் விற்றுவிட்டது. ஓபரா டிக்கெட் விலையைப் பார்த்து மிரளாதீர்கள், மகனையே எடுக்கச் சொல்லுங்கள்.