வெவ்வேறு ஜனநாயக முறைகள் நாடுகளின் கல்விச் சீர்திருத்தங்களை எப்படித் தீர்மானிக்கின்றன?

வென்ற கட்சியே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நாட்டில் சீர்திருத்தம் வேகமாக வரும். அடுத்த தேர்தலில் அதே வேகத்தில் போய்விடும். பலர் இணங்கினால்தான் நகரும் முறையில் இழுபறி அதிகம், ஆனால் வந்தது நிலைக்கும். இலங்கையின் வடக்கே வன்னியில் ஆசிரியராக இருக்கும் எனக்கு இதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை.

பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கு இருந்த டொனமூர் அரசியல் யாப்பில் கட்சி அமைச்சரவை கிடையாது. அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தார்கள். கல்விக் குழுவுக்குக் கன்னங்கரா தலைவர். 1943இல் விசேட குழுவின் அறிக்கை வந்து, பெரும் வாக்குவாதத்துக்குப் பிறகு 1945இல் இலவசக் கல்வி கிடைத்தது. பின்வந்த எந்த அரசாங்கமும் அதை ஒழிக்கத் துணியவில்லை. 1972இல் நடந்தது வேறு. பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம் சாதாரண தரப் பொதுப் பரீட்சையை நீக்கி, என்.சி.ஜி.இ. என்ற புதிய பரீட்சையைக் கொண்டுவந்தது, உள்ளூர்த் தொழில்களையும் பாடமாக்கியது. நெல்லும் மீனும் விளையும் எங்கள் பக்கத்துக்கு அது நல்ல யோசனை என்பதே என் எண்ணம். 1977இல் ஆட்சி மாறியது, பழைய பரீட்சை திரும்பி வந்தது. இடையில் படித்தவர்கள் பாவம்.

மக்களிடம் நேரடியாகக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜேர்மனியில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஹம்பர்க் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளியை நான்கு ஆண்டிலிருந்து ஆறாக நீட்ட சட்டமன்றக் கட்சிகள் அனைத்தும் உடன்பட்டன. 2010இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். வசதியான பகுதிகளில்தான் வாக்களிப்பு அதிகம்!

எங்கள் கதைக்கு வருகிறேன். 1987இல் அரசியல் யாப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குப் பாடசாலைகளைக் கொடுத்தது. தேசியப் பாடசாலைகளும் பாடத்திட்டமும் கொழும்பில் உள்ள மத்திய அரசிடமே தங்கிவிட்டன. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக் கணக்கில் ஆளுநர் நிர்வாகந்தான்.

ஆகவே சுற்றறிக்கை கொழும்பில் பிறந்து, வலயக் கல்விப் பணிமனை வழியாக அதிபரின் மேசைக்கு வருகிறது. குழுச் செயற்பாடு, ஒப்படை என்று அதில் அழகாக இருக்கும். இங்கே சிறிய பாடசாலையில் ஓர் ஆசிரியை கரும்பலகையின் நடுவே சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, இடப்பக்கம் மூன்றாம் தரத்துக்கும் வலப்பக்கம் நான்காம் தரத்துக்கும் எழுதிக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பெற்றோர் கைதூக்கி முடிவெடுக்கும் இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்றுதான். அங்கே பேசப்படுவது வேலியும் தண்ணீர்த் தாங்கியும்.