பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே பேலியேட்டிவ் கேர் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? மார்ஃபின் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். பழகிவிடும் என்று பயந்து அம்மா அதைக் கொடுக்கவே இல்லை.

பதில்: இல்லைம்மா, யாரும் கைவிடவில்லை. கீமோ அது பாட்டுக்கு நடக்கும், கூடவே வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மனக்கலக்கம் இதையெல்லாம் கவனிக்க இன்னொரு டாக்டர் வருகிறார், பேலியேட்டிவ் கேர் என்பது அவ்வளவுதான்.

கடைசி நேரத்தில் அனுப்பாமல் இப்போதே அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. அப்பாவைப் போலவே நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேரும். இரண்டாவது குழுவில் மனச்சோர்வு குறைவு, அன்றாட வாழ்க்கையும் மேல், அதில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், மற்ற குழுவில் இது 8.9 மாதம். இதை வைத்து ஆயுள் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை. ஆனால் இருக்கும் நாட்கள் நிம்மதியாக இருக்கும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது.

சரி, மார்ஃபின். புற்றுநோய் வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், எழுதிய மணிக்கு எழுதிய அளவைக் கொடுங்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், பெரும்பாலும் தானாகவே சரியாகும். மலச்சிக்கல் மட்டும் அப்படிச் சரியாகாது, அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். வலியைத் தாங்க முடியாத பலர் மாத்திரையை நிறுத்துவதே இந்த மலச்சிக்கலால்தான், தடுத்திருக்கக்கூடிய அவஸ்தை அது. சிறிது நாள் எடுத்த பிறகு நீங்களாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மூச்சு ரொம்ப மெதுவாகிவிட்டது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர் குறைந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

மூச்சு வாங்கும்போது அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, சின்ன ஃபேனை மூக்கிலும் கன்னத்திலும் காற்று படுகிற மாதிரி திருப்பி வையுங்கள். முகத்தில் காற்று பட்டால் மூச்சுமுட்டல் குறைவதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். திடீரென்று அதிகமானால் மட்டும் ஃபேனோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அப்பாவையே கேட்டு, காலை, மாலை, இரவு என்று எழுதி வையுங்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பேலியேட்டிவ் கேர் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.