ஈர டம்ளர் போதும்: பேய்க்கதை எழுதுவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கதையைப் படித்தவர்கள் நடை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பயமாக இருந்ததா என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. தொடக்கத்தை அனுப்பியிருக்கிறேன். "அமாவாசை நள்ளிரவு. நிலா வெளிச்சத்தில் அந்தப் பாழடைந்த பங்களா பயங்கரமாகக் காட்சியளித்தது. எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. திடீரென்று ஓர் அமானுஷ்ய உருவம் வாசலில் தோன்றியது. மாலதியின் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது." எங்கே பிழை?
– கும்பகோணம் வாசகி

பதில்: முதலில் சின்னப் பிழை. அமாவாசையன்று நிலா வராது. பலர் கவனிக்காமல் போகலாம், ஆனால் கவனித்துவிட்டவருக்கு அந்த நிமிடமே நம்பிக்கை போய்விடும். நம்பாதவரைப் பயமுறுத்த முடியாது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் எழும், நள்ளிரவில் உச்சியில் நிற்கும். ஊர் அடங்கிய பிறகு நிலா எழ வேண்டுமென்றால் தேய்பிறை அஷ்டமியை வைத்துக்கொள்ளுங்கள். அன்று நள்ளிரவையொட்டித்தான் எழும். தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கும், ஒரு நிமிட வேலை.

பெரிய பிழை வேறு. ஐந்து வாக்கியங்களும் ஒரே வேலையைச் செய்கின்றன: "பயப்படுங்கள்" என்று சொல்கின்றன. பாழடைந்த பங்களாவையும் ஊளையிடும் நாயையும் வாசகர் எத்தனையோ கதைகளில் பார்த்தாயிற்று. பார்த்த உடனே தயாராகிவிடுகிறார். பயங்கரம், மர்மம், அமானுஷ்யம் என்பவை வாசகர் மனத்தில் தோன்ற வேண்டிய உணர்ச்சியின் பெயர்கள். எழுதுகிறவரே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் வாசகர் உணர எதுவும் மிச்சமில்லை. "திடீரென்று" என்ற சொல் வரப்போவதை ஒரு நொடி முன்னதாக அறிவித்துவிடுகிறது. மாலதியின் இதயம் அடித்துக்கொள்வதால் படிக்கிறவர் இதயம் அடித்துக்கொள்ளாது.

அதே மாலதியை வசிக்கிற வீட்டில் வைத்துப் பாருங்கள். அவள் கணவன் வெளியூர் போயிருக்கிறான், வீட்டில் அவள் மட்டும்தான் என்பது முன்பே சொல்லியாயிற்று.

"மாலதி கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். ஊறப்போட்ட உளுந்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். விளக்கை அணைக்கப் போனவள் நின்றாள். மேடையில் இரண்டு டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்று அவள் மத்தியானம் கழுவியது, காய்ந்திருந்தது. இன்னொன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது."

இதில் பயம் என்ற சொல்லே இல்லை. மூன்று வேலைகள் நாம் எல்லோரும் ராத்திரி செய்கிறவை. அவற்றை நம்பிய வாசகர் நான்காவதையும் நம்பிவிடுகிறார். தாழ்ப்பாளை முதல் வரியிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. டம்ளரைக் கழுவி வைத்தது யாராக இருந்தாலும் இப்போது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கட்டும். "யார் வந்திருப்பார்கள்?" என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கடைசி வாக்கியத்தின் அமைப்பையும் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். பேய்க்கதை எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. "தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இன்னொரு டம்ளரும் மேடையில் இருந்தது" என்று எழுதினாலும் செய்தி அதுதான். ஆனால் சொட்டுகிற விஷயம் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, வாக்கியம் "இருந்தது" என்று சப்பென்று முடிகிறது. உறுத்தலான வினையை எச்சமாக்கி நடுவில் புதைக்காதீர்கள். முற்றாக்கிக் கடைசியில் நிறுத்துங்கள்.

கேள்வி: கதையில் பேயை எந்த இடத்தில் காட்ட வேண்டும்? காட்டாமலே விட்டுவிடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: 2,000 சொல் கதை என்று வைத்துக்கொள்வோம். முதல் 300, 400 சொற்களில் எதுவும் நடக்கக் கூடாது. வீடு, ஆட்கள், அவர்களுடைய கவலை, இவை மட்டும். 400 சொல் அளவில் முதல் அறிகுறி. அதற்கு ஒரு சாதாரணக் காரணம் சொல்ல முடிய வேண்டும்: மறதி, பூனை, காற்று. 900 வாக்கில் இரண்டாவது. இப்போது அந்தக் காரணம் பொருந்தாமல் போக வேண்டும். 1,500 வாக்கில் மூன்றாவது. இனி விலகிப் போக வழியில்லை. நான்காவது முறை வைத்தால் வாசகருக்குப் பழகிவிடும்.

மூன்றும் ஒரே அறிகுறியின் வளர்ச்சியாக இருக்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு முறை நாற்காலி நகர்கிறது, அடுத்து குழாய் தானாகத் திறக்கிறது, பிறகு கண்ணாடி உடைகிறது என்று எழுதினால் ஒன்றின் பயம் அடுத்ததில் சேராது. டம்ளரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு ஈர டம்ளர். மறதியாகக் கழுவி வைத்திருப்போம் என்று மாலதி நினைக்கலாம். இரண்டாம் இரவு கழுவாத டம்ளர், அடியில் பால் ஏடு, தொட்டால் இளஞ்சூடு. மூன்றாம் இரவு மின்சாரம் போன சமையலறையில் அவள் நிற்கும்போது, கை எட்டும் தூரத்தில் மேடைமேல் டம்ளரை வைக்கும் சத்தம்.

உருவம் வேண்டுமானால் ஒரு பகுதியை மட்டும் காட்டுங்கள். ஒரு குதிகால், ஒரு விரல் நகம், சுவரோரம் ஈரப் பாதம். முழு உருவத்துக்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறடி உயரம், சிவந்த கண்கள் என்று வரைந்துவிட்டால் அதற்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. அளந்த பொருளுக்கு மனசு சீக்கிரம் பழகிவிடும்.

ஆனால் கடைசிவரை எதையுமே காட்டாமல் "எல்லாம் பிரமையாக இருக்கலாம்" என்று நழுவுவதும் சரியில்லை. பிரமை என்று சொல்லவே முடியாத ஒரு விஷயமாவது கதைக்குள் நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: பேயே இல்லாமல் திகில் கதை எழுத முடியுமா?
– சேலம் வாசகர்

பதில்: முடியும். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." நான்கில் ஒன்றுதான் அணங்கு, அதாவது மனிதரை மீறிய சக்தி. கதை எழுத உட்காரும்போது, இதில் எது என் கதையின் பயம் என்று கேட்டு ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றைத் துணையாக. நான்கையும் கலந்தால் எதுவும் நிற்காது.

நம் கதைகளில் குறைவாகத் தொடப்படுவது நான்காவது, இறை. அன்று அது அரசன். இன்று நம்மேல் அதிகாரம் உள்ள யாரும்: வீட்டு உரிமையாளர், மேலதிகாரி, மாமனார். மாமனார் செத்து ஒரு வருடம் ஆகிறது, ஆனால் அவர் சாப்பிடும் நேரத்துக்கு முன் இன்னும் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. இதில் இறையும் அணங்கும் சேர்ந்தே இருக்கின்றன, பேய் இன்னும் வரவே இல்லை.

கேள்வி: ரத்தம், வெட்டு, அழுகிய பிணம் எல்லாம் எவ்வளவு எழுதலாம்?
– மதுரை வாசகர்

பதில்: மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் இளிவரலையும் (அருவருப்பு) தனித்தனி மெய்ப்பாடாக வைக்கிறது. இளிவரலுக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் மூப்பும் பிணியும் உண்டு. பயம் வந்தால் கண் பக்கத்தை விட்டு அகலாது, அருவருப்பு வந்தால் கண் விலகிவிடும். கதை முழுக்க ரத்தமாக இருந்தால் வாசகர் நாலு வரி தாண்டித்தான் படிப்பார். ஒரே ஓர் இடத்தில், சில வரிகளில் வையுங்கள்.

வைக்கும் இடத்தில் தகவல் சரியாக இருக்கட்டும். ரத்தம் காயக் காயப் பழுப்பாகிக் கறுக்கும், துணி மொடமொடவென்று விறைக்கும். மறுநாள் கண்டெடுத்த சேலையில் செக்கச்செவேலென்று ரத்தம் இருந்தது என்று எழுதாதீர்கள். உடல் விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் இமை, தாடை, கழுத்தில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு தளரும். நம் ஊர் வெயிலில் எல்லாமே இன்னும் சீக்கிரம். எனவே சித்திரை மாதத்தில் மூன்று நாள் கழித்துக் கிடைத்த பிணம் கட்டை போல் விறைத்திருக்காது. செத்தவருக்கு நகமும் முடியும் வளர்வதும் இல்லை. தோல் வற்றிப் பின்வாங்குவதால் நீண்டது போலத் தெரிகிறது. அப்படித் தெரிகிறது என்பதையே எழுதலாம், அதுவே போதும்.

கேள்வி: "இவ்வளவு நடக்கிறது, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று என் கதையைப் படித்த தோழி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கைபேசி இருக்கும் காலத்தில் ஆளைத் தனிமைப்படுத்தவும் முடியவில்லை.
– சென்னை வாசகி

பதில்: தோழி கேட்டது நியாயம். அந்தக் கேள்வியை வாசகர் கேட்கும் முன் கதை பூட்டிவிட வேண்டும். பூட்டு பணமாக இருந்தால் உறுதியாக இருக்கும். வீட்டை ஒத்திக்கு எடுத்தவர்களாக வையுங்கள் (உங்கள் ஊரில் போக்கியம், லீசு என்பார்கள்). மாத வாடகை கிடையாது, மொத்தப் பணமும் உரிமையாளர் கையில். மூன்று வருடக் கெடு முடியும் முன் கேட்டால், அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன் என்பார். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். இனி அந்தக் குடும்பம் எங்கே போகும்? படுக்கையில் கிடக்கும் தாயார், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை, இவையும் நல்ல பூட்டுகள். பூட்டை முதல் 400 சொல்லுக்குள் போட்டுவிடுங்கள். பயம் வந்தபிறகு போட்டால் சமாளிப்பாகத் தெரியும்.

கைபேசியின் சார்ஜ் தீர்ந்துவிட்டது, டவர் கிடைக்கவில்லை என்பதெல்லாம் தேய்ந்த வழி. வேலை செய்கிற கைபேசி இன்னும் நல்லது. இறந்துபோன அப்பாவின் எண்ணுக்கு மகள் அவ்வப்போது வாட்ஸப்பில் செய்தி அனுப்புகிறாள். ஒரு நாள் இரண்டு டிக்கும் நீலமாகிறது. இதற்குச் சாதாரணக் காரணம் உண்டு: பயன்படுத்தாத எண்ணைச் சில மாதங்கள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் அறிகுறிக்கு அது போதும். இரண்டாவதாக, அப்பா மட்டும் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர் அந்த எண்ணிலிருந்து வரட்டும்.

கேள்வி: நாட்டார் கதைகளிலிருந்து பேயை எடுத்து எழுதலாமா? நீலி, மோகினி என்றாலே பழசாகத் தெரிகிறதே?
– திருவள்ளூர் வாசகர்

பதில்: பேயின் பெயரையும் வெள்ளைச் சேலையையும் மட்டும் எடுப்பதால்தான் பழசாகத் தெரிகிறது. எடுக்க வேண்டியது கதையின் கட்டுமானத்தை. உங்கள் மாவட்டத்திலேயே திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது, நீலி கதையின் ஊர். சம்பந்தர் தேவாரத்திலேயே "வஞ்சப்படுத்து ஒருத்தி" என்று குறிப்பு வரும் அளவுக்குப் பழைய கதை.

பல வடிவங்கள் உண்டு, எலும்புக்கூடு இதுதான். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க நீலி காத்திருக்கிறாள். அவன் இப்போது வணிகன். கையில் காப்பாக ஒரு வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர் 70 பேர் கூடிய அவையில் அழுகிறாள்: இவர் என் கணவர், என்னோடு வாழ மறுக்கிறார். இவள் பேய் என்று கதறுகிறான் அவன். குழந்தை இறங்கிப் போய் "அப்பா" என்று அவன் மடியில் ஏறுகிறது. அவையோர் அவளை நம்புகிறார்கள். வாளால் என்னைக் கொன்றுவிடுவார் என்கிறாள், வாளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் 70 பேரும் உயிர் விடுகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் பேய் செய்கிற வேலை மிகக் கொஞ்சம். காப்பைப் பிடுங்கியவர்கள் நல்லவர்கள், அதுவும் நியாயம் என்று நினைத்து. உண்மை சொல்கிறவனை யாரும் நம்பவில்லை. குழந்தை சொன்ன ஒரு சொல் அவன் சொன்ன எல்லாவற்றையும் தோற்கடித்தது. இந்த மூன்றையும் எடுத்து, அவைக்குப் பதில் குடும்பநல நீதிமன்றத்தையோ காவல் நிலையத்தையோ அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தையோ வையுங்கள். நீலி என்ற பெயரே வேண்டாம். கள்ளிக்கொம்பை மட்டும் ஓர் இடத்தில் விட்டுவையுங்கள்: குழந்தை படுத்திருந்த தூளியில் மறுநாள் ஒரு முள்.

கேள்வி: முடிவு வரவில்லை. கனவு என்று முடிக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். பேயின் முன்கதையைக் கடைசிப் பக்கத்தில் பூசாரியோ கிழவியோ விளக்கி முடிப்பதும் வேண்டாம். முன்கதை தேவையானால் கதையின் நடுவிலேயே, பாதியளவு மட்டும் சொல்லிவிடுங்கள். நல்ல முடிவுக்கான பொருள் பெரும்பாலும் உங்கள் முதல் பக்கத்திலேயே இருக்கும். அங்கே போய்த் தேடுங்கள். மாலதி கதையில் அது தாழ்ப்பாள். கணவன் ஊரிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறான், அவள் எழுந்து போவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். அந்த வாக்கியத்தோடு பேனாவை வைத்துவிடுங்கள்.

கேள்வி: எழுதிய கதை பயமுறுத்துகிறதா என்று நாமே தெரிந்துகொள்வது எப்படி? எழுதியவருக்குத்தான் எல்லாம் தெரியுமே?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: பத்து நாள் எடுத்து வைத்துவிட்டு, பிறகு சத்தம் போட்டுப் படியுங்கள். வேகம் தானாகக் கூடும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கே உங்களுக்கே அலுக்கிறது, பாதியாக வெட்டலாம். பிறகு கதையை அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து கவனியுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருந்தது என்பார்கள். எந்தப் பக்கத்தில் கை அசையாமல் நின்றது, எந்த இடத்தில் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டாளா என்று பார்க்கத்தான் திருப்பினார் என்றால், அந்தப் பக்கத்தில் இனி கை வைக்காதீர்கள்.